அக்கி எழுதிய கன்னம்

பெயர் போடும்போதே புல்லாங்குழல் வந்துவிட்டது. புல்லாங்குழலில் ஆரம்பிக்கிற படத்தை நான் நம்புவதில்லை. எங்கள் ஊரில் குழல் ஊதுகிற ஆள் யாரும் கிடையாது. முந்திரித் தோப்பில் காற்றடித்தால் சருகுச் சத்தம்தான் வரும், அதுவும் இதமாக இருக்காது, யாரோ சாக்கைத் தரையில் இழுத்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். அந்தச் சத்தத்தை எடுத்துவிட்டுக் குழலை வைத்திருக்கிறார்கள் என்றால், இன்னும் எதை எடுத்தார்கள், எதை வைத்தார்கள், யாருக்குத் தெரியும். படம் எடுத்த ஹெலன் மேடத்துக்குத்தான் தெரியும். போன சித்திரையில் பத்து நாள் எங்கள் தெருவிலேயே இருந்து எடுத்துக்கொண்டு போனார்கள், இப்போது கார்த்திகையில் படம் வந்திருக்கிறது. என் வீட்டுக்காரர் ஞானவேல் போனிலிருந்து டிவிக்கு மாற்றிவிட்டு, "நாப்பத்தி மூணு நிமிசம் ஓடுது, நடுவுல யாரும் எழுந்திரிக்கக் கூடாது" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை, பதினோரு மணி, வெளியே தூறல். என் மாமியார் டிவிக்கு நேர் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் புதுச் சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், படத்தில் வரப்போகிறவர் வேறு எப்படி உட்காருவார். பக்கத்து வீட்டு ராசகுமாரி அக்கா வாசற்படியில் காலை நீட்டிக்கொண்டு, "ஏன்டி மங்கே, நட்ட நடுவுல ஒன் மூஞ்சி வரப்போவுது, நீ என்னாடான்னா அடுப்பாங்கரையில போயி ஒளிஞ்சிக்கிற" என்கிறாள். பாப்பா பால் குடிக்கிறாள் என்று சொன்னேன். அது உண்மைதான், கனிஷ்கா மடியில்தான் இருக்கிறாள். ஒன்றரை வயசாகியும் விடவில்லை. ஆனால் நான் எல்லோருக்கும் பின்னால் கதவோரம் உட்கார்ந்திருப்பது அதற்காக இல்லை. இந்த நாற்பத்து மூன்று நிமிஷத்துக்குள் எங்கேயோ நான் சொன்ன ஒரு பேச்சு இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டும், அது வரும்போது என் முகத்தை யாரும் பார்க்கக் கூடாது.

தோப்பு வருகிறது. பழம் தொங்குகிறது, சிவப்பாக, நேரில் இருப்பதைவிடச் சிவப்பாக. ஓர் ஆண்குரல் பேசுகிறது, தூங்கி எழுந்த குரல் மாதிரி, எல்லாம் தெரிந்த குரல் மாதிரி. இந்தக் குரல் எனக்குப் பழக்கம். ஆள் வேறாக இருக்கலாம், குரல் இதேதான். பாப்பாவுக்குப் பால் கொடுக்கிற நேரமெல்லாம் நான் போனில் கதை இல்லாத படம்தான் பார்ப்பேன். நடிகர் நடிகை வருகிற படத்தில் பொய் என்று சொல்லியே காட்டுகிறார்கள், அதில் பயமில்லை. இந்தப் படங்களில்தான் நிஜம் என்று சொல்லிக் காட்டுகிறார்கள், அதனால் நான் கண்ணை இடுக்கிக்கொண்டுதான் பார்ப்பேன். ஏழாவதோடு நின்றவளுக்கு என்ன தெரியும் என்று கேட்டால், இது தெரியும்: சிங்கம் மானைத் துரத்துகிற படம் ஒன்று பார்த்தேன், முதல் அரை மணி நேரம் மான் குட்டி போட்டதைக் காட்டினார்கள், அது தள்ளாடி எழுந்து நின்றதைக் காட்டினார்கள், பிறகு சிங்கம் வந்தது, நான் பாப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடு ஓடு என்றேன். அடுத்த வாரம் இன்னொரு படம், அதில் முதலிலேயே சிங்கக்குட்டிகள், மூன்று நாளாகப் பட்டினி, ஒன்று செத்தே போனது, பிறகு தாய் துரத்துகிறது, நான் பிடி பிடி என்றேன். துரத்துகிறது அதே துரத்தல்தான். யாரோடு முதலில் உட்கார வைத்தார்களோ அவர்களுக்காக நான் அழுதேன். அன்றையிலிருந்து எந்தப் படம் ஆரம்பித்தாலும், யார் பக்கத்தில் என்னை உட்கார வைக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன். இன்னொன்றில் வெள்ளத்தில் வீடு போன ஒரு அம்மா அழுகிறாள், முதலில் கையில் பச்சை வளையல், கண்ணைத் துடைக்கும்போது வளையலே இல்லை, மறுபடி பச்சை வளையல். அப்படியானால் அவள் இரண்டு நாள் அழுதிருக்கிறாள், அதை ஒட்டி ஒரே அழுகையாக்கிவிட்டார்கள். அவள் அழுதது பொய்யில்லை. ஆனாலும் எனக்கு அந்த அம்மா மேல் வந்த இரக்கம் அப்படியே பாதியில் நின்றுவிட்டது. இந்தப் படம் யார் பக்கத்தில் உட்கார வைக்கப்போகிறது? இதுவரை மரத்தின் பக்கத்தில்தான் வைத்திருக்கிறது.

"அந்தா, நம்ம வீடு" என்று அத்தை நாற்காலியிலேயே துள்ளுகிறார். நம் வீடுதான், ஆனால் ஃப்ரிட்ஜைக் காணோம். ஃப்ரிட்ஜ் மேல் ஹெலன் மேடம் ஒரு பழைய போர்வையைப் போட்டு அதற்கு முன்னால் முறத்தைச் சாய்த்து வைத்தார். ஏன் மேடம் என்று கேட்க வாயில் வந்தது, நான் எங்கே கேட்டேன். என் வாயில் வருகிறது எல்லாம் பல்லுக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்துகொள்ளும். கெட்ட மனுஷி இல்லை அவர். என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து என் தட்டிலிருந்தே கருவாட்டை எடுத்துச் சாப்பிட்டார், பாப்பா மூத்திரம் போன துணியைத் தானே அலசிப் போட்டார். ஆனால் அத்தை சிவப்பில் சரிகை போட்ட சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றபோது, "அம்மா, நேத்து கட்டியிருந்தீங்களே, அதுவே நல்லா இருந்துச்சு" என்று சொல்லி மாற்ற வைத்தவரும் அவர்தான். இப்போது நான் இடுப்பில் பாப்பாவோடு குடம் தூக்கிக்கொண்டு வருகிறேன். டிவியில் நான். எவ்வளவு கறுப்பு, எவ்வளவு மெலிவு. இது மூன்றாவது தடவை நடந்தது, முதல் இரண்டு தடவையும் நான் கேமராவைப் பார்த்துவிட்டேன். மூன்றாவது தடவை குடத்தில் தண்ணீர்கூட இல்லை, கை வலிக்கிறது என்று கொட்டிவிட்டுத்தான் நடந்தேன். அதைப் பார்த்து அந்தக் குரல் சொல்கிறது, இந்தப் பெண்களின் நாள் சுமையோடு தொடங்குகிறது என்று. "காலி கொடத்தத் தூக்கினதுக்கே இந்தப் பாடா" என்று என் வீட்டுக்காரர் திரும்பிச் சிரிக்கிறார், ராசகுமாரி அக்காவும் சிரிக்கிறாள். நானும் சிரித்தேன், தாமதமாக. காலிக் குடத்தைச் சுமை என்று சொன்னவர்கள் சுமையை என்னவென்று சொல்வார்கள்?

இப்போது கொட்டகை. முந்திரிக்கொட்டை உடைக்கிற சத்தம், கட்டையால் கல்லின் மேல் வைத்துத் தட்டுகிற சத்தம், இது நிஜச் சத்தம், வயிற்றில் போய் விழுகிறது. பாப்பா காம்பை விட்டுவிட்டுத் திரும்பி டிவியைப் பார்க்கிறாள், மறுபடி பிடித்துக்கொள்கிறாள். அவள் கன்னம் இந்தப் பக்கம் திரும்பும்போது அந்தக் கறுப்பு தெரிகிறது. கன்னத்தில் கட்டைவிரல் அளவு ஒன்று, காதுக்குக் கீழே சின்னதாக இரண்டு. அக்கி வந்து ஆறிய இடம் என்று ஊருக்கே தெரியும். அது அக்கி இல்லை என்று எனக்குத் தெரியும். பால் கொடுக்க அவள் முகத்தைப் பிடித்தால் என் விரல்கள் மூன்றும் போய் அந்த மூன்றின் மேலேயே உட்காருகின்றன. படம் எடுக்க வந்திருந்த நாட்களில் ஒரு மதியம், கொட்டகையில் நாற்பது பேர். பால் குடிக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு கொட்டை உடைக்கப் போகாதே என்று அத்தை எத்தனையோ சொல்லியும் நான்தான் போனேன். பணத்துக்குப் போனேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். கொட்டகையில் யாரும் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டார்கள், எல்லோருக்கும் கண் கையில்தான் இருக்கும், இல்லாவிட்டால் விரல் நசுங்கிவிடும், அந்த நாற்பது பேர் நடுவில் எனக்கு வெட்கமில்லாமல் இருக்கும், அதற்காகப் போனேன். கொட்டைத் தோலில் இருந்து வருகிற எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும், அதற்காகச் சாம்பலை அள்ளி அள்ளிக் கையில் பூசிக்கொண்டு உடைப்போம், முடித்ததும் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி விளக்கெண்ணெய் தடவி, அதற்கப்புறம்தான் பிள்ளையைத் தொட வேண்டும். தொட்டிலில் இவள் கத்தினாள். அந்தச் சத்தத்தில் எனக்குப் பால் இறங்கி ரவிக்கை நனைந்துவிட்டது. தண்ணீர்ப் பானை அந்தக் கோடியில். நான் கையைப் பார்த்தேன், கை வெள்ளையாக இருந்தது. சாம்பல் பூசிய கை வெள்ளையாகத்தான் இருக்கும். வெள்ளையாக இருந்தால் சுத்தம் என்று கண் சொல்லிவிடுகிறது, அடியில் எண்ணெய் இருக்கிறதா என்று சொல்ல வேண்டிய விரலோ மரத்துப் போய் மூன்று வருஷமாகிறது. முந்தானையில் துடைத்தேன். தூக்கிவிட்டேன். முகத்தைப் பிடித்துக் காம்பில் வைத்தேன். குடித்தாள். நிம்மதியாகக் குடித்தாள்.

மறுநாள் காலையில் கன்னத்தில் கொப்புளம். அத்தை பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "எண்ணெ பட்டுச்சாடி?" என்பதுதான். முப்பது வருஷம் கொட்டை உடைத்தவர் அவர், பார்த்ததும் தெரிந்துவிட்டது. நான், "இல்லத்தே, கழுவிட்டுதான் தூக்கினேன்" என்றேன். "புளி போட்டா?" "புளி போட்டுதான்." அவர் என் முகத்தைப் பார்த்தார், கொப்புளத்தைப் பார்த்தார், மறுபடி என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "அப்ப அக்கிதான்" என்றார். அவ்வளவு சீக்கிரம். தன் கண்ணைவிட என் வாயை நம்பினார். கொஞ்சம் சந்தேகப்பட்டிருந்தால், ஏன்டி நெசமாவா என்று இன்னொரு தரம் கேட்டிருந்தால், நான் உடைந்திருப்பேன். ஆனால் கேட்கவில்லை, அந்த நம்பிக்கையின் மேல் என்னால் நிற்கவும் முடியவில்லை, அதைவிட்டு இறங்கவும் முடியவில்லை. அவருக்குத் தெரிந்தால் என்ன சொல்வார், நாத்தனார் காதுக்குப் போனால் என்ன ஆகும், பெற்ற பிள்ளை முகத்தைச் சுட்டுவிட்டு அக்கி என்று நாடகம் ஆடியவள் என்று, இனி பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டு யாராவது கடைக்குப் போவார்களா. அன்றைக்கு உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அத்தைதான் தூக்கிக்கொண்டு ஓடினார். நர்சம்மா என்னம்மா இது என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார், நான் தலையைக் குனிந்துகொண்டேன், அத்தை எனக்காகப் பதில் சொன்னார். களிம்பு கொடுத்தார்கள். சாயங்காலம் பானை செய்கிறவர் வீட்டுக்குப் போய்க் கன்னத்தில் காவியால் அக்கி எழுதினோம். அதற்குள் ஹெலன் மேடத்துக்கு யாரோ சொல்லி, கேமராவோடு வந்துவிட்டார்கள்.

என் கை வருகிறது டிவியில், பெரிதாக, திரை முழுக்க. இல்லை, இது என் கை இல்லை. சுண்டுவிரலில் தழும்பு இருக்கிறது, இது ராசகுமாரி அக்கா கை. ஆனால் குரல் என்னுடையது. என் குரல், அவள் கை. "ஐயே, இது எங் கையாச்சே" என்கிறாள் அவள் வாசலிலிருந்து, "ஒனக்குக் கடனாக் குடுத்தேனா நானு?" நான் சொல்கிறேன், டிவியில், கையைக் கழுவினாலும் சோறு கசக்கும், மூணு நாளைக்கு எதத் தொட்டாலும் அந்த வாசனதான் வரும். ஆமாம், சொன்னேன். இது சொன்ன அன்றைக்குத்தான் அதையும் சொன்னேன். பேட்டி முடிந்து எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள், மேடம் மட்டும் என் பக்கத்தில் உட்கார்ந்து பாப்பாவின் கன்னத்தில் இருந்த காவியைப் பார்த்து, "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார். யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. சொல்லிவிட்டேன். சாம்பலை, தொட்டிலை, ரவிக்கை நனைந்ததை, புளி போடாததை, போட்டேன் என்று சொன்னதை, எல்லாவற்றையும். சொல்லி முடித்த பிறகுதான் ரவிக்கை ஓரத்தில் சட்டைப் பொத்தான் அளவு மைக் இருந்ததைப் பார்த்தேன். "மேடம், இதைப் போட்டுடாதீங்க மேடம்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். சாம்பல் கையைப் பிடித்துக்கொண்டு, "போட மாட்டேன் மங்கை. உங்களைக் கேக்காம எதுவும் போட மாட்டேன்" என்றார். நல்ல குரல்தான். ஆனால் ஃப்ரிட்ஜுக்குப் போர்வை போட்ட கைதானே அதுவும். ஏழு மாசமாக நான் இதைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போட மாட்டேன் என்றால் கேமராவில் போட மாட்டேனா, இல்லை, குரலை மட்டும் போடுவாரா, வேறு யார் கையையாவது காட்டிவிட்டு என் குரலை அதன் மேல் போடுவாரா. இதோ அதைத்தானே செய்திருக்கிறார். இதோ வரப்போகிறது. அடுத்த வார்த்தை அதுதான். பாப்பா கடித்துவிட்டாள், இறுக்கிவிட்டேன் போலிருக்கிறது. டிவியில் என் குரல் மூச்சு விடுகிறது. மூச்சைக்கூட வைத்திருக்கிறார்கள். அப்புறம் கை போய்விட்டது, குரலும் போய்விட்டது, வறுக்கிற புகை வருகிறது, புல்லாங்குழல் வருகிறது. முதல் தடவையாக அந்தக் குழல் எனக்கு இனித்தது.

முப்பது நிமிஷம் ஆகிவிட்டது. என் வீட்டுக்காரர் போனைப் பார்த்துச் சொன்னார், இன்னும் பதிமூன்றுதான் என்று. ராசகுமாரி அக்கா பேசுகிறாள் டிவியில், கையுறை வேண்டும் என்று கம்பெனிக்கு மனுக் கொடுத்ததை, நாற்பது பேர் கையெழுத்துப் போட்டதை. நன்றாகப் பேசுகிறாள், ஒரு வார்த்தையும் வெட்டின மாதிரி தெரியவில்லை, அவள் மூக்கை உறிஞ்சினதுகூட இருக்கிறது. "பேசினேன் பாத்தியா, கலெக்டரு மாதிரி" என்கிறாள். நான் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். மேடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிடுவார் போலிருக்கிறது. பாவம், நல்லவர்தான், நான்தான் எதையும் சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டுப் பார்க்கிறேன், காலிக் குடமாக இருந்தால் என்ன, வேறு நாள் நிறைந்த குடம் தூக்கினேன்தானே, பச்சை வளையல் அம்மாவும் பாவம்தானே என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே காவி வந்தது. திரை முழுக்கக் காவி. பானைக்காரர் கோழியிறகைக் காவியில் தோய்த்து என் பிள்ளை கன்னத்தில் எழுதுகிறார், கோடு கோடாக, வால் தூக்கிய சிங்கம் மாதிரி ஒன்றை. பாப்பா அழவில்லை, இறகின் கூச்சத்தில் வாயைத் திறந்து சிரிக்கிறாள். அழகாக இருக்கிறது. அவ்வளவு அழகாக எடுத்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் பிடிக்கவில்லை. சுகாதார நிலையம் எங்கே? அங்கே கேமராவை உள்ளே விடவில்லை. அதனால் நாங்கள் போகவேயில்லை என்று ஆகிவிட்டதா? களிம்பு எங்கே? பிறகு அத்தை வருகிறார், மேடம் மாற்றிக் கட்ட வைத்த அந்தச் சேலையில், கேமராவைப் பார்த்து, "எண்ணெ இல்லீங்க. அக்கிதான்" என்கிறார். அவ்வளவுதான். வெட்டிவிட்டார்கள்.

வெட்டிவிட்டார்கள். அவர் சொன்னது அது மட்டுமில்லை. நான் பக்கத்திலேயே நின்றேன், எனக்குத் தெரியும். "மொதல்ல நானும் எண்ணெதான்னு நெனச்சேங்க, பாத்தா அப்படித்தான் இருந்துச்சி. ஆனா எம் மருமவ கையக் கழுவிட்டுதான் தூக்கினேன்னு சொல்லுது. அது பொய் சொல்லாது. அதனால எண்ணெ இல்லீங்க. அக்கிதான்." இப்படிச் சொன்னார், சொல்லும்போது என் முதுகில் கை வைத்திருந்தார், அந்தக் கையின் ஓரம்கூடத் திரையில் தெரிகிறது, எங்கே போகிறது என்று தெரியாமல் வெட்டுப்பட்டு. அடுத்து கம்பெனி முதலாளி, மின்விசிறிக்குக் கீழே, வெள்ளைச் சட்டை. "பாத்தீங்களா, பொம்பளைங்களே சொல்றாங்க. நம்ம கொட்டையில அந்த மாதிரி ஒண்ணும் வராதுங்க. இவங்களுக்கு அக்கி வந்தாலும் கம்பெனிதான் காரணமா?" சிரிக்கிறார். அதற்கும் மேல் அந்தத் தூங்கி எழுந்த குரல் வந்து நிதானமாகச் சொல்கிறது: முப்பது ஆண்டுகள் முந்திரி உடைத்த கைகளுக்கும் அது தரும் காயம் எதுவென்று தெரிவதில்லை. பின்னால் குழல். அத்தையின் கைகள், அவர் கைகளேதான் இந்தத் தடவை, மடியில் கவிழ்ந்து கிடக்கின்றன.

ராசகுமாரி அக்காதான் அத்தையைப் பார்த்து, "ஏன் அஞ்சலாட்சி, முப்பது வருசமா கொட்டைய ஒடச்சியா, இல்ல குந்திகினு முந்திரிப் பருப்பத் தின்னியா? எண்ணெக்கும் அக்கிக்கும் வித்தியாசம் தெரியல ஒனக்கு?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், ஆனால் அடுத்து சொன்னதில் சிரிப்பில்லை. "நாப்பது பேரு மனு குடுத்திருக்கோம், நீ போயி அவனுக்கு சாட்சி சொல்லிட்டு வந்திருக்க. இதப் போட்டுக் காமிச்சான்னா நம்ம கையுறை அவ்வளவுதான்." என் வீட்டுக்காரரும், "என்னாம்மா நீ, தெரியலன்னா தெரியலன்னு சொல்றதுதான" என்றார். அத்தை டிவியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை, அங்கே அவர் போய் வேறு யாரோ வந்தாகிவிட்டது. "நான் கேட்டேன்டா" என்றார். "மொதல்ல எண்ணெயான்னுதான் கேட்டேன். அத அவங்ககிட்டயும் சொன்னேன். சொன்னதப் போடல." "ஆமா, எல்லாத்தயும் அவங்கதான் மறைச்சிட்டாங்க" என்றாள் ராசகுமாரி அக்கா. அத்தை மறுபடி, "சொன்னேன்" என்றார், இந்தத் தடவை சின்னதாக. சொன்னோமா என்று தனக்கே கேட்டுக்கொள்கிற மாதிரி.

மேடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். நான் சொன்னதைப் போடவில்லை. போடாமல் இருக்க வேண்டுமென்றால் அத்தை என்னை நம்பிச் சொன்னதையும் போட முடியாது, அதைப் போட்டால் மேடம் தெரிந்தே என் பொய்யைப் படத்தில் வைத்தவர் ஆகிவிடுவார். அதனால் அதை வெட்டினார். வெட்டினதும் என்ன மிஞ்சியது? ஒன்றும் தெரியாத ஒரு கிழவி மிஞ்சினார். இதில் நியாயம் எங்கே இருக்கிறது, நான் தேடித் தேடிப் பார்க்கிறேன், எனக்குக் கொடுத்த வாக்குக்காக அத்தையைப் பலி கொடுத்துவிட்டார் என்று பழியை மேடத்தின் மேல் வைக்கப் பார்க்கிறேன், வைத்தால் நிற்கவில்லை, சரிந்து சரிந்து இந்தப் பக்கமே வருகிறது. அந்தக் குரலுக்கு என்ன தெரியும், எழுதிக் கொடுத்ததைப் படித்திருக்கும். முதலாளி, தன் காதில் விழுந்ததைத்தான் பிடித்துக்கொண்டார். கேமரா வருவதற்கு முன்னாலேயே, மைக் வருவதற்கு முன்னாலேயே ஒரு வெட்டு விழுந்திருக்கிறது, அதை விழ வைத்தவள் இதோ கதவோரம் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். சும்மா இருந்தால் என்ன? இன்னும் இரண்டு நாளில் இதைப் பேசி முடித்துவிடுவார்கள். ராசகுமாரி அக்கா அடுத்த சீசன் வரைக்கும் கிண்டல் பண்ணுவாள், பண்ணட்டுமே. யாருக்கும் தெரியாது. படமே என் பக்கம். நாற்பத்து மூன்று நிமிஷமும் என் பக்கத்தில்தான் எல்லோரையும் உட்கார வைத்திருக்கிறது, மெலிந்த தாய், சுமை, கசக்கிற சோறு. எழுந்து போய் அடுப்பில் உலை வைத்தால் முடிந்தது. ஆனால் மனு இருக்கிறது. அதுகூட இல்லை, மனுவுக்காகத்தான் சொன்னேன் என்று நாளைக்கு நானே என்னை நல்லவளாக்கிக்கொள்வேன், அதையும் நம்பக் கூடாது.

படம் முடிந்துவிட்டது. கடைசியில் தோப்பு, மழை, பெயர்கள் மேலே போகின்றன, என் பெயரும் அத்தை பெயரும் நன்றி என்பதற்குக் கீழே. என் வீட்டுக்காரர் போனை எடுத்தார். அத்தை எழுந்து என்னிடம்தான் வந்தார். என்னிடம் வரவில்லை, பாப்பாவிடம். முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, தூங்கிவிட்ட பிள்ளையின் கன்னத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் யாரையும் பார்க்காமல் சொன்னார், "எனக்குத்தான் கண்ணு போயிருச்சி போலருக்கு. அன்னைக்கு எண்ணெ மாதிரியேதான்டி இருந்துச்சி. எப்படி அக்கின்னு சொன்னேன்? இனிமே அந்தக் கொட்டகைக்குப் போயி ஒருத்திக்கு எதச் சொல்லிக் குடுக்க மூஞ்சி இருக்குது எனக்கு." அவர் நடிக்கவில்லை. நிஜமாகவே தன் கண்ணைச் சந்தேகப்படுகிறார். முப்பது வருஷத்தை எடுத்து வெளியே வைக்கிறார். என் வாயில் வந்தது பல்லுக்கு இந்தப் பக்கம் உட்காரப் பார்த்தது. உட்கார விடவில்லை.

"நீங்க கேட்டீங்க அத்தே" என்றேன். சத்தம் வரவில்லை போலிருக்கிறது, அவர் என்னடி என்றார். மறுபடி சொன்னேன், ராசகுமாரி அக்காவுக்கும் என் வீட்டுக்காரருக்கும் கேட்கிற மாதிரி. "மொதல்ல எண்ணெயான்னுதான் கேட்டீங்க. எண்ணெதான். நான்தான் இல்லன்னேன். கழுவல அத்தே. புளியும் போடல."

அத்தை நிமிர்ந்தார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது, கல்யாண வீட்டில் தொலைந்த கொலுசு கிடைத்த மாதிரி. வாசல் பக்கம் திரும்பி, "கேட்டுக்கினியாடி ராசகுமாரி? எண்ணெதான். நான் பாத்ததுமே சொன்னேன்ல? சொல்றா பாரு, எம் மருமவளே சொல்றா பாரு" என்றார். ராசகுமாரி அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அத்தையின் சிரிப்பு இன்னும் வாயில்தான் இருந்தது. கண் மட்டும் என் பக்கம் திரும்ப ஆரம்பித்தது, மெதுவாக, நான் சொன்னதில் மிச்சம் இருந்ததை இப்போதுதான் கேட்கிற மாதிரி. நான் தலையைக் குனியவில்லை. அந்தக் கண் முழுசாக என்னிடம் வந்து சேருகிற வரைக்கும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.